காலிக் குழாய்

விடுமுறை நாள் பிற்பகலில் ஆய்வுக்கூடத்தைத் திறந்தபோது, பூட்டிக் கிடந்த அறையின் புழுக்கம் அவள் முகத்தில் அடித்தது. ஜன்னலைத் திறக்க முடியாது. மின்விசிறியும் போட முடியாது. காற்று பட்டால் தராசு ஒரு நிலையில் நிற்காது.

நாளைக் காலை தேர்வாளர்கள் அவளுடைய ஆய்வேட்டை அலசப் போகிறார்கள். அதில் ஒரே ஒரு எண் பொய்.

பொருளைப் பொடித்துக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, தராசின் கொக்கியில் மாட்டி, மின்காந்தத்தின் நடுவே தொங்கவிட வேண்டும். மின்சாரம் விட்டதும் எடை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால், அந்தப் பொருள் காந்தத்துக்கு எவ்வளவு வசப்படுகிறது என்பது தெரிந்துவிடும். ஆனால் வெறும் கண்ணாடிகூட காந்தத்தில் துளி எடை குறையும். காலிக் குழாயை எடை போடாதவரை மற்ற எண்கள் எதையும் நம்ப முடியாது.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். தராசு ஒரு கோடியில், மின்சாரத் திருகு மறு கோடியில். திருகியவர் "விட்டாச்சு" என்பார். தராசிலிருப்பவர் "படிச்சாச்சு" என்று சொன்ன பிறகுதான் மின்சாரத்தை இறக்குவார். திருகு எப்போதும் அக்காவிடம். கூடப் பிறந்தவள் அல்ல, மூத்த ஆய்வாளர். இதயக் கோளாறுக்காரி, வாயில் சதா ஒரு கிராம்பு.

போன வருஷம், காலிக் குழாய் மட்டும் பாக்கி இருந்த அன்று, "நீங்களே பாத்துக்குங்கக்கா, எனக்கு சினிமாவுக்கு நேரமாச்சு" என்று இவள் ஓடிவிட்டாள். திருகுக்கும் தராசுக்குமாக அக்கா தனியே நடையாய் நடந்திருக்கிறாள். மறுநாள் திருகின் அடியில் உயிரில்லாமல் கிடந்தாள். காந்தம் அப்போதும் சூடாக இருந்தது.

பிறகு இந்த அறைக்குள் நுழையத் தைரியமில்லாமல், இவள் ஒரு எண்ணைக் குத்துமதிப்பாக எழுதிவைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அன்றிலிருந்து நல்ல தூக்கமில்லை.

காலிக் குழாயைக் கொக்கியில் மாட்டினாள். மின்சாரம் இல்லாதபோது உள்ள எடையைக் குறித்துக்கொண்டாள்.

கிராம்பு வாசனை வந்தது.

மறு கோடியில் மின்மாற்றி முனகத் தொடங்கியது.

அதன் பிளக் இன்னும் செருகப்படாமல் தரையில் கிடந்தது.

"விட்டாச்சு."

முதுகுக்குப் பின்னால், அலுத்துப்போன ஒரு குரல். அவள் திரும்பாமல் தராசையே பார்த்தாள். தராசின் எண்கள் சற்றே இறங்கி, அசையாமல் நின்றன. அவள் எழுதிய பொய்க்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

"விட்டாச்சு."

அன்றைக்கும் அக்கா பழக்கதோஷத்தில் இப்படித்தான் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்திருப்பாள். குறிப்பேட்டில் பொய்யை அடித்துவிட்டு, உண்மையான எண்ணை எழுதினாள். நாளைக்கு மானம் கப்பலேறும். ஏறினால் ஏறட்டும்.

"படிச்சாச்சுக்கா," என்றாள். "உங்களைத் தனியா விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

முனகல் அடங்கியது. எண்கள் பழைய இடத்துக்குத் திரும்பின. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்து, கதவுப் பக்கம் நடந்தாள்.

திருகின் பக்கம் நாற்காலி இழுபட்டது.

"எங்க போற? அடுத்த குழாயை மாட்டு."