உட்காரச் சொன்னவள்

அந்தத் துணிக்கடையில் லிப்ட் உண்டு. அது வாங்க வருபவர்களுக்கு. விற்க வருபவர்களுக்குப் பின்பக்கப் படிக்கட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதில் மூச்சு வாங்க மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தவளை, திரைச்சீலைப் பிரிவில் நிறுத்தினார்கள். கூரையிலிருந்து தரைவரை தொங்கும் திரைகள், மூக்கை அடைக்கும் புதுத்துணிக் கஞ்சி வாடை. இத்தனை ஜன்னல் திரைகளை வைத்திருக்கும் இடத்தில் ஒரு ஜன்னல்கூட இல்லை.

அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. முதலாளி எல்லோரையும் பிரிவை வைத்துத்தான் கூப்பிடுவார். அன்றிலிருந்து அவள் திரைக்காரி ஆனாள்.

உட்கார ஒரு முக்காலியும் இல்லை. கடை திறந்தது முதல் ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். ஈ காக்கை இல்லாத மத்தியானத்திலும் நிற்க வேண்டும். விற்பவள் உட்கார்ந்தால் வாங்குபவருக்கு மரியாதைக் குறைவாம். இந்த உபதேசத்தை முதலாளி கண்ணாடி அறைக்குள் மெத்தை நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டபடிதான் செய்வார். எதிரே, கடை முழுவதையும் காட்டும் கேமராத் திரை. மனுஷருக்கு வெட்கம் என்பது துளியும் கிடையாது.

திரைக்காரிக்கு அப்போது ஐந்தாம் மாதம். தொளதொள உடுப்பில் வயிற்றை மறைத்து வைத்திருந்தாள். தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். புருஷனுக்கும் வேலை போய்விட்டது. இதுவும் போனால் அக்கா வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். ஒருமுறை நின்று வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் நெஞ்சில் எரிந்தது.

ஒரு மத்தியானம், சிவப்புத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

ரொம்பக் களைத்த குரல். பக்கத்துப் பிரிவில் படுக்கை விரிப்பு விற்பவளாக இருக்கும் என்று நினைத்தாள். கேட்கவே பாவமாக இருந்தது.

"உக்காருங்கக்கா. யாராவது வந்தா சொல்றேன்."

துணி சரசரத்தது. யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். திரைக்காரி எட்டிப் பார்த்தாள்.

யாரும் இல்லை.

மறுநாளிலிருந்து அவள் முழங்காலில் ஒரு பாரம். யாரோ தலை சாய்த்துக்கொண்டதுபோல, சில்லென்று. நின்று நின்று கால் மரத்துவிட்டது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரமே முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். "சிவப்புத் திரைகிட்ட தினமும் உக்காந்திருக்கியே, உன் மாமியார் வீடா இது?"

"நான் உக்காரவே இல்லைங்க சார்."

"அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா? இன்னொரு தடவை பார்த்தேன், வீட்டுக்குப் போயிடு."

செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிய ஆத்திரத்தில், பில் போடும் அக்காவிடம் போய்ப் பொரிந்து தள்ளினாள். அக்காவின் கை அப்படியே நின்றது.

"உனக்கு முன்னாடியும் அங்க ஒரு திரைக்காரி நின்னா," என்றாள் மெதுவாக. "காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. கொஞ்சம் உக்காந்துக்கட்டுமான்னு காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தா. நடிக்கிறான்னாரு முதலாளி. கீழ விழுந்தா. அப்பவும் நடிக்கிறான்னுதான் சொன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ எந்திரிக்கவே இல்ல. அன்னைக்கும் ஷட்டரை நேரத்துக்குத்தான் இறக்கினாங்க." அக்கா குரலை இன்னும் தாழ்த்தினாள். "உங்கிட்ட ஏதாவது கேட்டாளா? கேட்டா பதில் சொல்லிடாதே."

திரைக்காரி பதில் சொல்லி அதற்குள் நாலைந்து நாளாகிவிட்டது.

மறுபடியும் அழைப்பு வந்தது. இந்த முறை முதலாளியின் முகத்தில் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம்.

"இனிமே சாக்குச் சொல்ல முடியாது. நீயே பாரு, எப்படி உக்காந்திருக்கேன்னு."

நேற்றுப் பதிவானதைக் காட்டக் கேமராத் திரையை அவள் பக்கம் திருப்பி விரலை நீட்டினார். நீட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது.

சிவப்புத் திரையின் அடியில், காலை நீட்டிப்போட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அது நேற்றுப் பதிவானது அல்ல. அந்த நிமிஷமே நடந்துகொண்டிருந்தது.

"நீ... இங்கல்ல நிக்கிறே?"

படத்தில் இருந்தவள் தரையில் கையை ஊன்றி மெல்ல எழுந்தாள். வீங்கிய கால்களை இழுத்து இழுத்து நடந்தாள். படத்தை விட்டு வெளியே போனாள்.

அறைக்குள் கஞ்சி வாடை ஏறியது.

வெளியே காலை இழுக்கும் சத்தம். கதவு வரை வந்து நின்றது.

"கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

முதலாளிக்கும் கேட்டது. நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த அறையில் இருந்ததே அந்த ஒரு நாற்காலிதான்.

"வேண்டாம்னு சொல்லும்மா," என்று கிசுகிசுத்தார். அவர் யாரையும் 'அம்மா' போட்டுக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. "உன் இடத்துலதானே உக்காந்திருந்தா, நீ சொன்னா கேப்பா... சொல்லு."

திரைக்காரிக்குப் பயம் ஒரு பக்கம். அதைவிட, காலையிலிருந்து நின்ற கால்வலி. வயிற்றுக்குள் குழந்தை புரண்டது.

"உக்காருங்கக்கா," என்றாள். "இடம் இருக்கு."

முதலாளி அலறிக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் மெத்தை புஸ்ஸென்று அமுங்கியது.

அன்றிலிருந்து அவர் உட்காரவில்லை. நாற்காலியை மாற்றிப் பார்த்தார், புதுசும் அமுங்கியது. காலை முதல் இரவுவரை அதன் பக்கத்திலேயே நிற்கிறார். முதலாளியே நிற்கிறாரே, எவ்வளவு எளிமை என்று வாங்க வருபவர்கள் மெச்சிக்கொள்கிறார்கள். திரைக்காரியை வேலையை விட்டு அனுப்ப அவருக்குத் தைரியம் இல்லை. மற்றவர்களுக்கு முக்காலி வந்ததா என்றால், அதுதான் இல்லை. 'நானே நிக்கிறேன், உங்களுக்கு என்ன கேடு?' என்று சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டார். உட்கார இடம் கிடைத்தது செத்தவளுக்கு மட்டும்தான்.

மாதம் ஏற ஏற திரைக்காரியின் கால்களும் வீங்கின. செருப்பு நுழையவில்லை. நேற்று முதலாளி சாப்பிடப் போன நேரத்தில், துணி மாதிரிகளை மேஜையில் வைக்க அந்த அறைக்குள் போனாள்.

நாற்காலி மெத்தையின் நடுவில் எப்போதும் இருக்கும் பள்ளம் அங்கே இல்லை.

அது ஓரமாக நகர்ந்திருந்தது. பக்கத்தில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு மெத்தை சமமாகக் கிடந்தது.

"வாம்மா," என்றது அந்தக் களைத்த குரல், ரொம்பப் பிரியமாக. "இடம் இருக்கு."

போகக் கூடாது என்று திரைக்காரிக்குத் தெரியும். ஆனால் அவள் கால்கள் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டன.