எதிர் ஸ்டூலுக்கு ஒரு தட்டு

நல்ல ஓட்டல் கண்ணில் பட்டால் என் மனைவிக்கு முகம் சுருங்கிவிடும். கண்ணாடிக் கதவு, ஏசி, அச்சடித்த மெனு அட்டை இதெல்லாம் இருந்தால் வண்டியை நிறுத்தவே விடமாட்டாள். பெயர்ப் பலகைகூட இல்லாத கடையாக இருக்க வேண்டும். மேப்பில் காட்டாத சந்தில் இருக்க வேண்டும். யாராவது ஒரு லாரிக்காரர் கையை வீசி, "அப்படியே நேரா போங்க" என்று வழி சொல்லியிருக்க வேண்டும். அப்படிக் கடை தேடித் தேடி வீடியோ போட்டே அவளுக்கு 'தட்டக்கா' என்று பெயர் வந்துவிட்டது. தட்டக்காவின் புருஷன் நான். வண்டி ஓட்டுவது, கேமரா பிடிப்பது, வயிறு கெட்டால் மருந்துக்கடை தேடுவது எல்லாம் என் பொறுப்பு.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவளுடைய வீடியோக்களின் முடிவு. மேசைக்கு எதிர்ப்பக்கம் காலியாக ஒரு நாற்காலி இருக்கும். அதன் முன்னால் முழுச் சாப்பாடும் பரிமாறிய ஒரு தட்டு. அவள் கேமராவைப் பார்த்து, "இது உங்க தட்டு. வாங்க, உக்காருங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்பாள். பார்க்கிறவர்கள் உருகிப்போவார்கள். கேமராவை அணைத்ததும் அந்தத் தட்டை நான் என் பக்கம் இழுத்துக்கொள்வேன். உப்பு குறைவு, எண்ணெய் மிதக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வழித்துத் துடைத்துவிடுவேன். குறை சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

"இவருக்கு நாக்கு நாலு முழம்" என்று அவள் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அன்றைக்கும் லாரிக்காரர் சொன்ன வழிதான். காலையில் குடித்த டீயோடு மத்தியானம்வரை சுற்றினோம். தார் ரோடு மண் ரோடாகி, மண் ரோடு ஒற்றையடிப் பாதையாகி, கடைசியில் ஆற்றங்கரையில் போய் முடிந்தது. பசியில் எனக்குக் கண் இருட்டியது.

"இதுக்கு மேல போனா ஆத்துக்குள்ளதான் போகணும். இறங்கி மீன் பிடிச்சு நீயே சமைச்சுடு" என்றேன்.

"வாசனை வருது பாருங்க" என்றாள் அவள்.

வந்தது. ஈர விறகு எரிகிற புகையும், அதற்குள்ளே மீன் குழம்பு கொதிக்கிற வாசனையும். மரங்களுக்குப் பின்னால் தாழ்ந்த ஓட்டுக் கூரை ஒன்று தெரிந்தது. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே ஒரே இருட்டு. கண் பழகவே நேரம் பிடித்தது. பழகியதும் முதலில் தெரிந்தது ஸ்டூல்கள். எல்லா ஸ்டூல்களும் சாப்பாட்டுப் பலகைகளின்மேல் கால் மேலே இருக்கக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பலகைகளும் சுவரை ஒட்டியே போடப்பட்டிருந்தன. ஒரே ஒரு டிரைவர் மட்டும் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், எழுந்த கையோடு தன் ஸ்டூலைத் தானே கவிழ்த்துவிட்டுப் போனார்.

கடைக்காரம்மா ஒட்டி உலர்ந்து இருந்தார். கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும். எங்களுக்கு இரண்டு ஸ்டூல்களை மட்டும் இறக்கிப் போட்டார்.

"எதிரெதிரா உக்கார முடியாதாம்மா?" என்றாள் மனைவி.

"சுவரைப் பாத்துதாம்மா உக்காரணும்."

"ஸ்கூல்ல தப்பு பண்ண மாதிரி" என்று நான் முனகினேன்.

ஆனால் சாப்பாடு! சோறு, ஆற்று மீன் குழம்பு, ஒரு கீரை. அவ்வளவுதான். முதல் வாய் வைத்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்வதற்கு ஒரு குறை கிடைக்கவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தம்மா அடுத்த சட்டிக்கு உப்பைக் கையில் அள்ளி, எடை பார்ப்பதுபோல் லேசாகத் தூக்கிப் பார்த்துப் போட்டார். கரண்டியை ஒரு தரம்கூட நாக்கில் வைக்கவில்லை.

"ருசி பாக்காமலேயே எப்படிங்க இவ்வளவு சரியா?"

"பழக்கம்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

மனைவி மூன்றாவது தட்டு கேட்டாள்.

"ரெண்டு பேர்தானேம்மா வந்திருக்கீங்க?"

"வீடியோவுக்கு. எதிர்ல ஒரு தட்டு வச்சு, பாக்குறவங்களைக் கூப்பிடுவேன்."

அந்தம்மாவின் கை நின்றது.

"வேணாம்மா." குரல் தழைந்துவிட்டது. "காலி இடத்துக்கு முன்னாடி இங்க சாப்பாடு வைக்கிறதில்ல. யாரையும் கூப்பிடாதீங்க. சாப்பிட்டுக் கிளம்புங்க."

"சரிம்மா" என்று மனைவி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். அவர் விறகு எடுக்கக் கொல்லைப்பக்கம் போனதும் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். பசிக்கு அலைய வைத்துவிட்டு அதிகாரம் வேறு செய்கிறார்களே என்ற கடுப்பில் நான் இருந்தேன். ஒரு பலகையை அறைக்கு நடுவே இழுத்துப் போட்டேன். ஒரு ஸ்டூலை இறக்கி நிமிர்த்தினேன். தட்டில் சோறும் குழம்பும் வைத்தோம். ஆவி பறந்தது. லென்ஸில் அழகாகத் தெரிந்தது.

"இது உங்க தட்டு. வாங்க, உக்காருங்க, சேர்ந்து சாப்பிடலாம்."

வெளியே கத்திக்கொண்டிருந்த குருவிகள் அடங்கின.

ஸ்டூலின் கால் தரையில் ஒரு தரம் தேய்ந்தது.

தட்டிலிருந்து எழுந்துகொண்டிருந்த ஆவி சட்டென்று நின்றுவிட்டது.

ஆறிப்போய் அடங்கிய மாதிரி இல்லை. யாரோ அதை உள்ளே இழுத்துக்கொண்ட மாதிரி. நான் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தேன். எதிரில் யாரும் இல்லை. கொல்லை வாசலில் விறகுக் கட்டு விழுந்த சத்தம் கேட்டது.

கடைக்காரம்மா எங்களைத் திட்டவில்லை. அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக அடுப்படிக்குப் போய், ஒரு சிட்டிகை உப்பை எடுத்து நாக்கில் வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"உன் வீடியோவால ஒரு பொம்பளையை அழ வச்சாச்சு, திருப்தியா?" என்று மனைவியைக் கடிந்துகொண்டு, வழக்கப்படி மூன்றாவது தட்டை இழுத்து ஒரு வாய் வைத்தேன்.

ஈரக் காகிதத்தை மென்ற மாதிரி இருந்தது. அதே சட்டியில் எடுத்த அதே குழம்பு. உப்பில்லை, புளிப்பில்லை, காரமில்லை, வாசனைகூட இல்லை.

சாயங்காலம் பெரிய ரோட்டில் ஒரு ஓட்டலில் நிறுத்தினோம். சர்வர் வந்து மூன்று தம்ளர் தண்ணீர் வைத்தான். "ரெண்டு பேர்தான்பா" என்றேன். அவன் எதிர் நாற்காலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தம்ளரை எடுக்காமலே போய்விட்டான். மனைவி ஒரு கவளம் வாயில் போட்டுவிட்டு நிறுத்தினாள்.

"என்னங்க, இதுல ஒண்ணுமே இல்லையே."

ருசி தெரியாதது அவள் நாக்கின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். வீடு திரும்பியதும் டாக்டர்களிடம் அலைந்தோம். ஒருவர் மூக்கில் விளக்கடித்துப் பார்த்தார். ஒருவர் மனசு என்றார். எல்லோரும் "நாக்கு நல்லா இருக்கு" என்றார்கள். நன்றாக இருந்தால் எதற்காக ஐயா உங்கள் வாசலில் வந்து உட்கார்கிறோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் அவள் பாதியில் எழுந்து போனபின் அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தேன்.

ஈரக் காகிதம்.

என் தட்டில் இருந்ததும் அதே பாத்திரத்துச் சோறுதான். அதில் எல்லாம் இருந்தது. கோளாறு அவள் நாக்கில் இல்லை. அவள் கை வைப்பதற்கு முன்பே யாரோ சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். எதைப் பரிமாறினாலும், அவள் முன்னால் வைத்ததும் ஆவி நின்றது.

அவள் பாதியாகிவிட்டாள். வளையல்கள் முழங்கைக்கு ஏறின. சாப்பிடத்தான் சாப்பிட்டாள். இறங்கினால்தானே! ஊர் ஊராகப் போய் ஒரு வாய் சோற்றுக்குக் கண்ணை மூடிச் சிரித்த பெண், தட்டைப் பார்த்தாலே பயந்தாள். ஒருநாள் கரண்டியைச் சுவரில் விட்டெறிந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதாங்க. இதையும் எடுத்துக்கிட்டா நான் எதுக்கு?"

எனக்கு அழுகை வந்தது. வழக்கம்போல் கோபமாகத்தான் வெளியே வந்தது. "கிளம்பு, அந்தக் கடைக்கே போவோம்" என்று கத்தினேன்.

இந்தத் தடவை வழி தப்பவில்லை. அவளை வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அடையாளமே தெரியவில்லை. ஸ்டூல்கள் எல்லாம் நிமிர்ந்து கிடந்தன. பலகைகள் எதிரெதிராகப் போட்டிருந்தன. நடுவில் கடைக்காரம்மா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் சதை வைத்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"வருவீங்கன்னு தெரியும்" என்றார்.

"என்னம்மா அது? எங்களைத் தொத்திக்கிட்டு வந்தது?"

"எனக்கும் தெரியாதுங்க. கடை திறந்த புதுசுல ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஒருத்தரும் வரல. கடுப்புல ஒரு தட்டு போட்டு வச்சு, யாராவது வந்து உக்காருங்களேன்னு வாசலைப் பாத்து கூப்பிட்டேன். உக்காந்துடுச்சு." அவர் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "அன்னையிலிருந்து ஒரு வாய் ருசி தெரியாது எனக்கு. ஊரே பாராட்டுது, நான் மண்ணைத் தின்னேன்."

"அப்ப ஸ்டூலைக் கவுத்து வச்சது?"

"வேற யாரும் அதைக் கூப்பிட்டுடக் கூடாதுன்னுதான். சொன்னேனே தம்பி, கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

"அதைத் துரத்த என்ன வழி?"

"துரத்த முடியாது. இன்னொருத்தர் மனசார கூப்பிட்டா அவங்க பக்கம் போகும். அவ்வளவுதான்."

"நீங்களே திரும்பக் கூப்பிடுங்கம்மா. உங்களுக்குப் பழக்கம்தானே. என் பொண்டாட்டி செத்துடுவா." கை கூப்பினேன். வாழ்க்கையில் ஒரு கடைக்காரரிடமும் நான் அப்படிக் கெஞ்சியதில்லை.

அவர் கண்ணில் நீர் கோத்தது. தட்டை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"பாவமாத்தான் இருக்கு, தம்பி. ஆனா மாட்டேன்."

அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

அந்தம்மாவிடம் இருந்தது, நீ கூப்பிட்டதால் உன் பக்கம் வந்துவிட்டதாம் என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். திரும்பும் வழியில், பெரிய ரோட்டில் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு ஓட்டலில் நிறுத்தினேன். ஆச்சரியமாக, அவள் மறுக்கவில்லை. மூன்று தம்ளர் வந்தது. சாப்பாடு வந்தது. அவள் கை கழுவப் போனாள். அவள் தட்டு ஏற்கெனவே செத்துக் கிடந்தது. என் தட்டில் ஆவி பறந்தது. நான் அதை எதிர் நாற்காலியின் முன்னால் தள்ளினேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

"சனியனே" என்றேன் முதலில். மனசார என்று அந்தம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. வளையல் முழங்கைக்கு ஏறிய அவள் கையை நினைத்துக்கொண்டேன்.

"இது உங்க தட்டு. வாங்க, உக்காருங்க. என்கூடச் சாப்பிடலாம்."

நாற்காலியின் கால் தேய்ந்தது.

ஆவி நின்றது.

அவள் தட்டில் மறுபடி ஆவி எழுந்தது. என் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் வந்து உட்கார்ந்து, கடனே என்று ஒரு வாய் போட்டாள். மெல்வது நின்றது. கண் விரிந்தது.

"என்னங்க... உப்பு! உப்பு இருக்குங்க!"

அழுதுகொண்டே தின்றாள். இன்னும் கொண்டா, இன்னும் கொண்டா என்று சர்வரை ஓட ஓட விரட்டினாள். நான் ஈரக் காகிதத்தை மென்று விழுங்கிக்கொண்டு பார்த்திருந்தேன். அவ்வளவு நிறைவாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

அவள் உடம்பு தேறியது. வீடியோக்களைத் தொடங்கினாள். காலி நாற்காலிக்குத் தட்டு வைப்பதை மட்டும் அடியோடு நிறுத்தினோம். தானாகவே சரியாகிவிட்டது என்று நான் சொன்னதை நம்பினாள். என் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. சர்க்கரையாக இருக்கும், பரிசோதிக்கிறேன் என்று சமாளித்தேன்.

நேற்று மத்தியானம் வீட்டில் சாப்பாடு. அவளே சமைத்து, இருவருக்கும் பரிமாறிவிட்டு, தான் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது.

"உப்பே போடலைங்க. புளியும் போடல. கொஞ்ச நாளாவே நீங்க ஒரு குறையும் சொல்லல, அதான் பாத்தேன்."

நான் குனிந்துகொண்டேன்.

"அதை நீங்க கூப்பிட்டீங்களா?"

என் முகமே சொல்லியிருக்கும். அவள் தன் தட்டை எதிர் நாற்காலிப் பக்கம் தள்ளினாள். எனக்குப் புரிவதற்குள் அவள் உதடு பிரிந்துவிட்டது. "வாங்க..." என்றாள். பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். அவள் என் கையைப் பிடுங்கப் போராடினாள். அதற்குமேல் ஒரு வார்த்தை அவளைப் பேச விடவில்லை.

எதிரில், மேசைக்கு அடியில் தள்ளியிருந்த நாற்காலி மெதுவாக வெளியே வந்தது.

அதன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் வெளியே வந்தது.

என் தட்டில் ஆவி முன்பே நின்றிருந்தது. இப்போது அவள் தட்டிலும் நின்றது.