கேட்கும்வரை கொடுக்காதே

"பிள்ளை அழுவுது… கல்லு மாதிரி நிக்கிறியே, நீயெல்லாம் பெத்தவளா?"

நாத்தனார் மாதவி கத்தினாள். புனிதா மைலோ பானக் கோப்பையை உயர்த்திப் பிடித்தபடி மகனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விமலனுக்கு மூன்று வயது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

கோப்பையைக் காட்டு, கொஞ்சம் பொறு, ஒரு சத்தம் வந்தாலும் உடனே கொடு. பிரிக்பீல்ட்ஸ் பேச்சுப் பயிற்சி நிலையத்தில் ஷாமினி டீச்சர் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

மாதவி கோப்பையைப் பிடுங்கிப் பிள்ளையிடம் நீட்டினாள். "வெள்ளைக்காரன் பாடமெல்லாம் இங்க வேணாம்லா. எங்க வீட்ல பிள்ளைங்க கேட்டுக் குடிச்சதே இல்ல."

"அதனாலதான்கா அவன் பேசல…"

"போதும்," என்றான் கணவன் சுகுமாறன், லோரிச் சாவியை எடுத்தபடி. "இனிமே அக்காவே கொடுக்கட்டும். நீ அவன்கிட்ட போகாத."

மத்தியானம் கிள்ளானில் உள்ள அவர்கள் வீட்டுக்கே வந்த ஷாமினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"இந்தப் பாடம் அம்மாவும் பிள்ளையும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு எழுதினது அக்கா. இங்க தினம் ஊட்டுறது மாதவி ஆன்டி. நீங்க கொடுக்கலன்னா அவங்ககிட்ட ஓடுறான். அவங்க காத்திருந்தாதான் கேப்பான்."

"அப்ப நான்?"

"நீங்க கொஞ்சம் ஒதுங்கி நிக்கணும்க்கா," என்றாள் ஷாமினி.

அன்று சாயங்காலமே புனிதா நாத்தனாரின் கையைப் பிடித்தாள். "என்னை என்ன வேணும்னாலும் திட்டுங்க. நாளைக்கு நீங்க கொஞ்சம் பொறுங்க, போதும்."

"என்னையும் ராட்சசி ஆக்கப் பார்க்கிறியா?"

"உங்கள அவன் வெறுக்க மாட்டான்கா. என்கிட்ட வர்றதையே விட்டுட்டான்…"



மறுநாள் காலை மாதவி கோப்பையைப் பிடித்து நின்றாள். விமலன் அவள் நைட்டியை இழுத்தான், சிணுங்கினான், அண்ணாந்து பார்த்தான்.

"தா…"

மாதவி அப்படியே உட்கார்ந்து கோப்பையை அவன் கையில் கொடுத்தாள். அழுதுகொண்டே எழுந்து வந்து, கதவோரம் நின்ற புனிதாவைக் கட்டிக்கொண்டாள். "உன்னைப் போய் கல்லுன்னு சொல்லிட்டேனே… பாவி நான்…"

அவள் தோளுக்கு மேலாகப் புனிதா மகனை நோக்கிக் கையை நீட்டினாள். அவன் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். பிடுங்கிவிடுவாளோ என்ற பயம் கண்ணில் தெரிந்தது.

புனிதா கையை மடக்கிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தி வச்சிக்குங்கக்கா. மறுபடி கேப்பான். நான் இருந்தா வாயத் திறக்க மாட்டான்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில் அந்தக் குரல் வந்தது. ஒருமுறை, இன்னொருமுறை… முன்னைவிடத் தெளிவாக.

அவள் கதவைத் திறக்கவில்லை.