பிரம்பு நாற்காலியில் ஐம்பத்து நான்கு

நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முப்பத்தொன்று முடிந்திருந்தது. அம்மாவின் நெஞ்சில் ஒட்டிய இதய மானிட்டர் இன்னும் பதினேழு மணி நேரம் ஓட வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தாள். பேஸ்மேக்கர் தேவையா என்று இந்தப் பதிவைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்வார். இடையில் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து.

மதியம் மூன்று மணிக்கு, மானிட்டரோடு கொடுத்திருந்த போனில் ‘இணைப்பு இல்லை’ என்று வந்தது.

புதியவர்களிடம் பேசுவதென்றால் நான் முதலில் எழுதி வைத்துக்கொள்வேன். நான்கு வரி எழுதிவிட்டு, என் போனிலிருந்து உதவி எண்ணை அழைத்தேன். விமல்ராஜ் என்பவர் எடுத்தார்.

“வேர்வைதான் மேடம். கழட்டி, தோலைத் துடைச்சி, புது ஸ்டிக்கர் போடுங்க. இங்க ஸ்க்ரீன்ல பாத்துக்கினே இருக்கேன்.”

உரிக்கும்போது அம்மா முகம் சுளித்தாள். “தோலே வருதுடி. உங்கப்பா எப்படித்தான் நாலு நாள் ஒட்டிக்கினு இருந்தாரோ.”

அப்பாவுக்கும் இதே மாதிரி மானிட்டர்தான். எட்டு மாதத்துக்கு முன்பு, இதே கூடத்தில், பிரம்பு நாற்காலியில் சாய்ந்தபடியே இறந்துபோனார்.

மானிட்டரை அந்த நாற்காலியில் வைத்துவிட்டுத் துண்டை எடுத்தேன்.

“இப்ப சூப்பரா வருது மேடம். துடிப்பு ஐம்பத்தி நாலு. அம்மா அப்படியே அசையாம உக்காந்திருக்கட்டும்.”

அம்மா என் எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

மானிட்டரைக் கையில் எடுத்தேன். போன் திரையில் நேர்கோடு.

திரும்ப வைத்தேன். ஐம்பத்து நான்கு.

மின்விசிறியிலிருந்து வரும் மின் அலை சில சமயம் துடிப்பு போலப் பதிவாகும். இயற்பியல் படித்தவளுக்கு அது தெரியும். விசிறியை நிறுத்தினேன். மெயின் சுவிட்சையும் இறக்கினேன். பிரிட்ஜ் அடங்கியது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

ஐம்பத்து நான்கு.

எங்கிருந்தோ தைல வாசனை வந்தது. அப்பா போன பிறகு இந்த வீட்டில் யாரும் தைலம் தடவியதில்லை.

பிரம்பு மெல்ல முனகியது.

“மேடம், குறையுதே. நாப்பது… முப்பத்தொண்ணு… அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?”

“இல்ல” என்றேன்.

மானிட்டர் போன் அலறத் தொடங்கியது. இடைவெளி இல்லாத ஒரே நீளச் சத்தம். எட்டு மாதத்துக்கு முன்பு கேட்ட அதே சத்தம்.

“லூசா இருக்கும்டி. நிறுத்தித் தொலை” என்றாள் அம்மா.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன்.

நிற்கவில்லை.

மறுபடி அழுத்தினேன். போனையே அணைத்தேன். திரை இருண்டது.

சத்தம் நிற்கவில்லை. அது நாற்காலியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

“சிந்து, ஏண்டி அங்கயே பாக்குற?”

நாற்காலியைப் பார்த்தபடியே சொன்னேன்.

“அன்னிக்கும் இப்படித்தான் கத்துச்சும்மா. நீ கடைக்குப் போயிருந்த. ஸ்டிக்கர் லூசா இருக்கும்னு, அப்பா மூஞ்சியக்கூட பாக்காம, நான்தான் நிறுத்திட்டேன்.”