எல்லைக்கோட்டை இளவரசி

“இன்னிக்கும் சின்னவள எல்லைக்கு அனுப்பப் போறீங்களாப்பா?” என்று இளவெயினி கேட்டாள்.

மேசையில் அவித்த கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. அப்பா சேந்தன் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. ஆட்டத்தில் அவர் அரசர். அந்த அரசருக்கு வயது அறுபத்தெட்டு, இருமல் தொடங்கிவிட்டது. மூத்தவனுக்கு அரியணை, இளையவளுக்குப் பனிமலைக் கோட்டைக் காவல். எப்போதும் அப்படித்தான் ஆடுவார்.

“ரெண்டு பேரும் தலைநகர்ல இருந்தா, நான் கண்ண மூடுனதும் நாடு ரெண்டாயிடும்மா.”

“அனுப்புறதுதான் அனுப்புறீங்க, ஒரு கம்பளியாவது குடுத்து அனுப்புங்க. அங்க குளிரும்ல?”

அண்ணன் மகிழ்நன் சிரித்தான். சேந்தனும் சிரித்துக்கொண்டே இளவரசிக்கு ஒரு சிவப்புக் கம்பளி கொடுக்க ஆணையிட்டார். ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுரங்க வேலைக்குக் கிளம்பினார்.

நிலவுக் குடியிருப்பில் அந்த ஆட்டத்தை வெறும் பொழுதுபோக்குக்காகக் கொடுத்திருக்கவில்லை. சுவரில் ஓட்டை விழுந்தால் எந்த அறைக்குக் காற்று, எந்த அறைக்கு இல்லை என்று ஒரு நொடிக்குள் முடிவாக வேண்டும். மனிதரால் ஆகாது. அதனால் ஒவ்வொரு வீட்டின் காற்றுப்பொறியிலும் குடும்பத் தலைவரின் மனநகல் இருந்தது. அவர் எப்படி முடிவெடுப்பாரோ, அதுவும் அப்படியே எடுக்கும். அவரிடமிருந்து அது கற்றுக்கொள்ளத்தான் குடியிருப்பு வாரியம் அந்த விளையாட்டைக் கொடுத்திருந்தது. சேந்தன் கையெழுத்துப் போட்டு வாங்கியதுதான். கோட்டையும் படையுமாக ஆடியதில் மறந்துபோயிருந்தார்.

அன்று பிற்பகல் கடலை அளவு விண்கல் ஒன்று கூடத்துக் காற்றுக்குழாயைத் துளைத்தது. அண்ணனும் தங்கையும் அவரவர் அறையில் இருந்தார்கள். கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. மிச்சக் காற்று ஓர் அறைக்குத்தான் போதும். அது மகிழ்நன் அறைக்கு வந்தது. இளவெயினி சுவரைத் தட்டுவது அவனுக்குக் கேட்டது. முதலில் வேகமாக. பிறகு விட்டு விட்டு.

விசாரணை அதிகாரி மரியாதையாகவே பேசினார். பொறியில் பழுதில்லை என்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்களில் சேந்தன் ஒருமுறைகூட மாற்றி முடிவெடுத்ததில்லையாம்.

“அது விளையாட்டுங்க,” என்றார் சேந்தன்.

“படிவத்துல கேட்டா, பிள்ளைங்க எல்லாம் ஒண்ணுதான்னு எழுதிக் குடுத்துடுறாங்க சார். அதனாலதான் விளையாட்டு வச்சோம்.”

சேந்தன் தலைவர் பொறுப்பை விட்டுவிட்டார். விதிப்படி அது மகிழ்நனுக்கு வந்தது. புதிய மனநகலுக்கு அவன்தான் இனிக் கற்றுக்கொடுக்க வேண்டும். வீட்டில் இப்போது இரண்டே பேர்.

அவன் ஆட்டத்தைத் திறந்தான். நிறுத்திய இடத்திலேயே இருந்தது. அரசர் இருமிக்கொண்டிருந்தார். சேந்தன் வந்து பின்னால் நின்றார்.

“கிழவன எல்லைக்கு அனுப்பிடுப்பா,” என்றார். “தினமும் அனுப்பு. அது சரியாக் கத்துக்கட்டும்.”

மகிழ்நன் எந்த ஆணையும் கொடுக்கவில்லை. திரையின் மூலையில், பனிமலைக் கோட்டை மதில்மேல், இளவரசி சிவப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.