கதவின் இரண்டு பக்கம்

"இதே கதையை இப்பத்தான் ஒருத்தர் சொல்லிட்டு எழுந்து போனார்மா..."

பத்திரிகை ஆசிரியை சொன்னதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்திரிகை பத்திரிகையாகப் படியேறி, கதை சொல்லிப் பிழைப்பவள்தான். ஆனால் இது யாரிடமும் வாய் திறக்காத கதை. மூன்று மாதமாக மத்தியானத் தூக்கத்தில் வரும் கனவு. பூட்டிய வீட்டுக்குள் ஒரு பெண்... வெளியே ஒருவன் தட்டுகிறான்... அவள் திறப்பதே இல்லை.

"நீ உள்ளேருந்து சொல்றே. அவர் வெளியேருந்து சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம்."

மழைச் சாரல் அடித்த மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த அவனை மறித்தாள்.

"என் கதையை எங்கே திருடினீங்க?"

திரும்பினான். தூக்கம் காணாத, ஆனாலும் சிரிக்கத் தெரிந்த கண்கள்...

"கனவைத் திருடினா எந்த ஸ்டேஷன்லங்க புகார் எழுதுவாங்க?"

பதிலுக்கு எரிந்து விழப் போனவள், அவன் விரலைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் கட்டு. கதவிடுக்கு வழியாகக் கனவில் அவள் பார்க்கும் அதே கட்டு. அதை அவள் ஆசிரியையிடம்கூடச் சொல்லவில்லை.

"இது... எப்போலேர்ந்து?"

"இன்னிக்குக் காலையில. பஸ் கதவுல நசுங்கிடுச்சு." அவன் குரல் தணிந்தது. "தப்பா நினைக்காதீங்க... கனவுல கதவிடுக்கு வழியாப் பார்த்தேன். உங்க இடது காதுக்குப் பின்னாடி ஒரு தழும்பு இருக்கா?"

கூந்தல் மறைத்த இடத்துக்கு அவள் கை தானாகப் போனது.

"ரெண்டு பேருமாச் சேர்ந்து எழுதிக் குடுங்களேன்," என்றார் பின்னாலேயே வந்த ஆசிரியை.

"நான் யாரோடயும் சேர்ந்து எழுதறதில்லை!" வெடுக்கென்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

அன்றிலிருந்து கனவில் தட்டும் சத்தம் நின்றது. மறுநாளும் இல்லை. அடுத்த நாளும்... தூக்கத்தில் அவள் கதவோரமாகவே காத்து நின்றாள். வெளியே ஒரு அரவமும் இல்லை.

"கனவுல தட்டின பேய் போச்சுன்னு நிம்மதியா இருப்பியா, அழுதுட்டு உக்காந்திருக்கே?" என்றாள், அன்றுதான் எல்லாவற்றையும் அவளிடம் கேட்டறிந்த அக்கா.

அழுகிறோம் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் வீம்பை விட்டாள். ஆசிரியையிடம் விலாசம் வாங்கிக்கொண்டு அவன் அறைக்கே போய் நின்றாள். கதவு திறந்தது. கண்கள் குழிவிழுந்து, ஆளே பாதியாகியிருந்தான்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"அன்னிக்கு வந்ததும் கண்ணயர்ந்தேன். கனவுல அந்த வீடு திறந்து கிடந்தது... உள்ளே நீங்க இல்லை. ரூம் ரூமாத் தேடினேன். ஒரு ரூம்ல உங்க குரல் மட்டும் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு..." "அதுலேர்ந்து தூங்கவே பயமா இருக்கு. நிஜத்துலயும் நீங்க இல்லாமப் போயிட்டீங்களோன்னு..."

"வந்து பார்த்திருக்கலாமே?"

"யாரோடயும் சேர மாட்டேன்னீங்களே..."

அவள் உள்ளே வந்து, மேசையில் குவிந்திருந்த காகிதங்களை ஒதுக்கிவிட்டு நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள்.

"படுங்க. நீங்க முழிக்கிற வரைக்கும் இங்கேயேதான் இருப்பேன்."

"கதை எழுதவா வந்தீங்க?"

"கதையாவது ஒண்ணாவது..." அவள் குரல் உடைந்தது. "உங்களைக் காணாம அஞ்சு நாளா செத்துப் பிழைச்சிருக்கேன். பிடிச்சிருக்கு... போதுமா?"