கண்ணை மறைத்து நின்றது

மூடப் போன கேட் பாதியில் நின்று மறுபடி திறந்துகொண்டது. காலையிலிருந்து இது ஏழாவது முறை. மத்தியான வெயிலில் தெரு ஆளில்லாமல் கிடந்தது. உள்ளே மூன்று வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்தால் நேரே லாரி போகும் ரோட்டுக்குத்தான் ஓடுவாள். "நான் வர்றதுக்குள்ள இத சரி பண்ணி வைங்க, இல்லன்னா இருக்கு" என்று மனைவி சொல்லிவிட்டுப் போன தொனி இன்னும் அவன் காதைக் குடைந்தது.

போனில் கேட் மெக்கானிக் எரிந்து விழுந்தார்.

"கேட் ஓடுற தண்டவாளத்தக் கூட்டுனீங்களா?"

"கூட்டி, சக்கரத்துக்கு எண்ணெயும் போட்டாச்சு."

"தூண்ல எதிரெதிரா ரெண்டு கண்ணு இருக்கும் பாருங்க. நடுவுல ஆள் நின்னா கேட் மூடாது. அதத் தொடச்சீங்களா?"

"மூணு தடவ தொடச்சேன். செவப்பு லைட்டு மாறவே மாட்டேங்குது."

"அப்ப நடுவுல ஏதோ நிக்குது."

"ஒண்ணுமே இல்லங்க!"

"சரி, பட்டன விடாம அழுத்திப் புடிங்க. கண்ணு என்ன சொன்னாலும் மூடிரும். ரிமோட்டுக்குப் பேட்டரி மாத்துனீங்கல்ல?"

"போன மாசந்தான்" என்று கூசாமல் புளுகிவிட்டு போனை வைத்தான்.

தூணிலிருந்த விளக்கைப் பார்ப்பதற்காக ரோட்டோரம் நின்றபடியே பட்டனை அழுத்தினான். சக்கரங்கள் மிச்சமிருந்த மணலை நறநறவென்று அரைத்துக்கொண்டு உருண்டன. எண்ணெய் வாசனையோடு வேறொரு வாடையும், வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் மூஞ்சியில் அடிக்குமே, அந்த ஈர வாடை, அந்த வெயிலுக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் வந்தது. பாதியில் கேட்டின் விளிம்பு எதிலோ முட்டியது. மோட்டார் முக்கியது. அவனுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "மூடித் தொலை!" பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான்.

விலகியது.

கேட் ஓடிப்போய்ப் பூட்டிக்கொண்டது. விளக்கு பச்சையானது.

எந்தப் பக்கம் விலகியது?

ரோட்டில் ஒன்றும் அசையவில்லை. வாடை இப்போது கம்பிகளுக்கு உள்ளேயிருந்து வந்தது.

பட்டனை அழுத்தினான். ரிமோட் ஒரு தடவை மங்கலாக மினுக்கி அணைந்தது. உள்ளங்கையில் தட்டினான். அழுத்தினான். அசையவில்லை. கேட்டைக் கையால் திறக்கும் சாவி வீட்டுக்குள். கேட்டின் உச்சியில் வரிசையாகக் கூர்க்கம்பிகள். திருடன் ஏறக்கூடாது என்று அவனே சொல்லி வைத்தவை.

வீட்டுக் கதவு திறந்தது. தூக்கக் கலக்கத்தோடு மகள் படியில் வந்து நின்றாள்.

"குட்டி, உள்ள போ! கதவச் சாத்து!"

அவள் அவனைப் பார்க்கவில்லை. தன் பக்கத்தில், வெகு உயரத்தில் எதையோ அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா வெளியதான் இருக்காரு" என்று அதனிடம் சொன்னாள்.

திரும்பி வீட்டுக்குள் நடந்தாள். ஒரு கை தொங்கியது. இன்னொரு கை, பெரியவர் யாரோ பிடித்துக்கொண்டது போலத் தலைக்கு மேலே நீண்டிருந்தது.

கத்தினான். கம்பிகளை உலுக்கினான்.

அந்தக் கை இன்னும் மேலே போனது. அவளுடைய குதிகால்கள் தரையை விட்டு எழுந்தன.

பிறகு கால்விரல்களும்.